தம்பிக்கு எம்.எஸ்.: ரத்தத்துல ஐ.எல்-6 கூடியிருந்தா நோய் கிளம்புதுன்னு அர்த்தமா?

மேலூர் அக்கா:
தம்பிக்கு வயசு 29. போன வருஷம் வலது கண்ணு மங்கி, அப்புறம் கால் மரத்துப்போச்சு. எம்.ஆர்.ஐ.யும் முதுகுல நீர் எடுத்தும் பார்த்துட்டு மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் (எம்.எஸ்.), அதாவது உடம்போட எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்பைத் தாக்குற நோய்னு சொன்னாங்க. இன்டர்ஃபெரான் பீட்டா ஊசி ஓடுது. யாரோ சொன்னாங்கன்னு மதுரையில ஒரு லேப்ல சைட்டோகைன் பேனல் எடுத்தோம், நல்ல காசு. ஐ.எல்-6 பக்கத்துல சிவப்பு அம்புக்குறி. அம்மா சாப்பிடவே இல்ல. மருந்தை மாத்தணுமா? டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் முடியும்.

நாகமலை:
அக்கா, பதறாதீங்க. ஊசியை நீங்களா நிறுத்திராதீங்க. காமராசர் பல்கலையில இம்யூனாலஜி படிச்சு லேப்லதான் வேலை பார்க்கிறேன்.

சைட்டோகைன்ங்கிறது எதிர்ப்புச் செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு அனுப்புற தகவல். அதுல ஒண்ணுதான் ஐ.எல்-6 (இன்டர்லூகின்-6). அது எம்.எஸ்.ஸுக்குன்னு தனியா ஏறாது. சளிக்காய்ச்சல், பல்லுல சீழ், யூரின் இன்ஃபெக்ஷன், எது வந்தாலும் ஏறும். இன்டர்ஃபெரான் போட்ட சில மணி நேரத்துலயும் ஏறும், அந்த உடம்புவலியும் குளிருமே அதோட சேர்ந்ததுதான். சாம்பிள் வெளியூருக்குப் போச்சா, ரத்தத்துல இருந்து சீரத்தைப் பிரிக்காம ரொம்ப நேரம் கிடந்துச்சான்னும் கேளுங்க.

நோய் நடக்கிற இடம் மூளையும் தண்டுவடமும். அதனால ஆராய்ச்சியில பெரும்பாலும் முதுகுத் தண்டு நீரைத்தான் பார்ப்பாங்க. அதுல சி.எக்ஸ்.சி.எல்.13னு ஒண்ணு, பி செல்லைக் (எதிர்ப்புச் செல்லுல ஒரு வகை) கூப்பிடுறது. நோய் கிளம்புறப்ப ஏறும், நட்டலிசுமாப், ரிடுக்ஸிமாப்ங்கிற மருந்துங்களைக் குடுத்தா இறங்கும். ஆனா மூளையைத் தாக்குற சிபிலிஸ்லயும் ஏறும்.

இந்த மூலக்கூறுங்க விஷயத்துல கணக்குப் போட்டதெல்லாம் பலிக்கிறதில்ல. இன்டர்ஃபெரான் காமாங்கிற சைட்டோகைனை எம்.எஸ். உள்ளவங்களுக்குக் குடுத்துப் பார்த்தாங்க, 1987ல முடிவு வெளிவந்துச்சு: 18 பேர்ல 7 பேருக்கு நோய் கிளம்பிருச்சு. டி.என்.எஃப்.ங்கிற இன்னொரு சைட்டோகைனை அடக்கினா சரியாகும்னு லெனர்செப்ட்ங்கிற மருந்தைக் குடுத்ததுல ரிலாப்ஸ் (நோய் திரும்பக் கிளம்புறது) கூடுச்சு, அது வெளிவந்தது 1999ல. தம்பி போடுற இன்டர்ஃபெரான் பீட்டாதான் நின்னுச்சு, 1993லயே அமெரிக்காவுல அனுமதி. அதனால ஒரே ஒரு ஐ.எல்-6 எண்ணை வச்சு தம்பி மருந்தை மாத்துறதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது: எம்.ஆர்.ஐ.ல புதுப் புள்ளி வந்திருக்கா? ரத்தத்துல நியூரோஃபிலமென்ட் லைட் பார்க்கலாமா? அது சைட்டோகைன் மாதிரி தகவல் இல்ல, நரம்பு சேதமாகிறப்ப கசியுற புரதம். அதுவும் வயசு, எடைக்குத் தக்க மாறும்.

அண்ணா நகர்:
எனக்கும் எம்.எஸ்.தான் அக்கா. கத்திரி வெயில்ல மாடிக்கு ஏறி துணி எடுத்துட்டு வந்தாலே எனக்குக் கண்ணு மங்கும். ஈரத்துண்டைக் கழுத்துல போட்டு ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்தா தெளிஞ்சிரும். அது ரிலாப்ஸ் இல்ல. காய்ச்சலோ சூடோ இல்லாம புதுசா ஒரு குறை வந்து 24 மணி நேரம் தாண்டினா மட்டும் அடுத்த வாரம்னு இருக்காதீங்க, உடனே போன் போடுங்க.

மேலூர் அக்கா:
நாகமலை தம்பி, இப்பத்தான் அவன்கிட்ட கேட்டேன். ரத்தம் குடுக்கிறப்ப கடைவாய்ப் பல்லு வீங்கி ஆன்டிபயாடிக் சாப்பிட்டுட்டு இருந்திருக்கான். ஊசியும் முந்தின ராத்திரிதான். புதுசா எந்தக் குறையும் இல்லைங்கிறான்.

நாகமலை:
ரெண்டையும் ரிப்போர்ட் ஓரத்துல தேதியோட எழுதிருங்க. போறப்ப பழைய எம்.ஆர்.ஐ. சி.டி.யையும் எடுத்துக்கங்க. ஃபிலிமை மட்டும் வச்சு சின்னப் புள்ளிகளை ஒப்பிடுறது கஷ்டம்.