கேக்கில் 24, கையில் கத்தி

(குடும்பக் குழு, ஞாயிறு இரவு)

தம்பி (9.42): படம் பார்த்து முடித்தாயிற்று. அத்தை இன்னும் இடைவேளையைத் தாண்டவில்லையாம், அதனால் கதை, பெயர் எதுவும் இங்கே வேண்டாம். ஒரே ஒரு சந்தேகம். ஹீரோயின் இதய ஆபரேஷன் செய்துவிட்டு வெளியே வருகிறாள். அடுத்த சீனில் பிறந்தநாள் கேக். மெழுகுவத்தி 24. யாராவது கவனித்தீர்களா?

பெரியப்பா: கவனித்தேன். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் கண்ணில் அதுதானே முதலில் படும். பிளஸ் டூ முடிக்கும்போது பதினேழரை. எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், ஹவுஸ் சர்ஜன் ஒரு வருடம். 23 ஆயிற்று. அறுவை சிகிச்சையில் எம்.எஸ். 3 வருடம், 26. அதற்கு மேல் இதயத்துக்கென்றே எம்.சிஎச். இன்னொரு 3. ஒரு தேர்வில்கூடச் சறுக்காமல் போனால் 29.

தம்பி: ஐந்து வருடத்தை எடிட்டர் வெட்டிவிட்டார் 😂

அக்கா (டூட்டி): பெரியப்பா, எம்.எஸ். சேர நீட் பிஜி நுழைவுத்தேர்வுக்கு ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து படித்தேனே, அதை விட்டுவிட்டீர்கள். எனக்கு 26. எம்.எஸ். இரண்டாம் வருடம். இதயம் எல்லாம் கனவு, நேற்று மூன்று மணி நேரம் ரிட்ராக்டர் பிடித்தேன்.

பெரியப்பா: அது என்னம்மா?

அக்கா (டூட்டி): வெட்டிய இடத்தை அகலமாக விலக்கிப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நிற்பது. கை மரத்துப்போனாலும் அசையக்கூடாது, மூக்கு அரித்தாலும் சொறியக்கூடாது. கத்தி சார் கையில். தையல் சீனியர் கையில். கடைசி நாலு தையல் கிடைத்தால் அன்றைக்குத் தீபாவளி.

அம்மா: சாப்பிட்டாயா?

மாமா: அட, படம்தானே. ஹீரோ நாற்பது பேரைத் தூக்கிப் போடுகிறார், அதற்கு ஒருவரும் கணக்குப் போடவில்லையே.

நான்: அது வேறு மாமா. அடிதடி பொய் என்று அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இவளை மட்டும் ‘நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி’ என்று சொல்லித்தானே காட்டுகிறார்கள். நம் வீட்டிலேயே ஒருத்தி இருக்கும்போது ஒப்பிடாமல் எப்படி?

அத்தை: வயது கிடக்கட்டும். அந்த வீட்டைப் பார்த்தீர்களா? திருவான்மியூரில் கடலைப் பார்த்த ஃபிளாட். பால்கனியில் ஊஞ்சல். தனியாக இருக்கிறாள். சென்னையில் வீடு தேடி அலைந்தவள் சொல்கிறேன், பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்கள். அதைக் கொடுத்தாலும் தனியாக இருக்கும் பெண் என்றதும் ஓனர் முகம் மாறும்.

அக்கா (டூட்டி): எனக்கு நடந்தது. நானும் தோழியும் ஒரு வீடு பார்க்கப் போனோம். அந்த ஓனர் அம்மா, “ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க?” என்றார். ராத்திரி வரமாட்டோம், மறுநாள் மதியம்தான் வருவோம் என்றோம். கதவைச் சாத்திவிட்டார்.

தம்பி: 😂😂😂

அக்கா (டூட்டி): சிரிக்காதே. டூட்டி என்று வாய் திறப்பதற்குள் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது.

அண்ணி: எனக்கு உறுத்தியது தலைமுடி. விரித்துவிட்டுக்கொண்டே ஐ.சி.யு.வுக்குள் போகிறாள். காலில் குதிகால் செருப்பு.

அக்கா (டூட்டி): எங்கள் எல்லோருக்கும் கொண்டைதான் அண்ணி, அதுவும் காலையில் போட்டது. ஆபரேஷன் தியேட்டருக்குள் ரப்பர் செருப்பு, அதையும் யாராவது மாட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

நான்: சரி, 30 வயது என்றே வைத்திருக்கலாமே? கதைக்கு என்ன குறை வந்துவிடும்?

அண்ணி: 30 என்றால் ‘ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை’ என்று ஒரு சீன் எழுத வேண்டும். 24 என்றால் அந்த வேலை மிச்சம். ஹீரோ தலைக்கு மை பூசிக்கொண்டு வருகிறார், அவருக்கு மட்டும் கேக்கும் கிடையாது, மெழுகுவத்தியும் கிடையாது.

மாமா: 🤐

அம்மா (10.31): அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்கிறார். அவர் சொல்வதை அப்படியே அடிக்கிறேன். “இதற்குப் போய் இவ்வளவு பேச்சா? பதிமூன்று வயதுப் பெண்ணை ரஜினிக்குச் சித்தியாக்கினார் பாலச்சந்தர். நாங்கள் நம்பி அழுதுவிட்டு வந்தோம்.”

தம்பி: பதிமூன்றா?? சும்மா சொல்லாதீர்கள் அப்பத்தா.

பெரியப்பா: சரிதான்டா. ‘மூன்று முடிச்சு’, 1976. ஸ்ரீதேவி பிறந்தது 1963 ஆகஸ்ட். ரஜினி 1950 டிசம்பர். சித்தியைவிட மகனுக்கு 12 வயது கூட!

அம்மா: “நம்ம சிவகாசிப் பக்கம், மீனம்பட்டிக்காரி. 1969-இல் ‘துணைவன்’ படத்தில் குட்டி முருகனாக வந்தாள். கையெடுத்துக் கும்பிட்டோம். ஏழே வருடம், சித்தியாகிவிட்டாள். அதற்கு அடுத்த வருடம் மயிலு.”

பெரியப்பா: ‘16 வயதினிலே’, 1977. அவருக்கு அப்போது 14. இந்தப் பக்கம் ஐந்து வருடத்தைக் குறைக்கிறார்கள், அந்தப் பக்கம் இரண்டு வருடத்தைக் கூட்டினார்கள்.

நான்: அப்பத்தா, அந்தச் சித்தியை எப்படி நம்பினீர்கள்? பார்த்தாலே குழந்தை முகம்தானே?

அம்மா: கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னது: “எனக்கே பதினாறில் கல்யாணம். எங்கள் தெருவில் ஒருத்தி பதினேழில் இளைய தாரமாகப் போனாள். மூத்தாள் பிள்ளைக்கும் அவள் வயதுதான். அவன் அவளைக் கூப்பிட வாய் வராமல், கொல்லைக் கதவைத் தட்டிவிட்டுத் தண்ணீர் கேட்பான். அதைப் பார்த்தவளுக்குப் படத்தில் என்ன அதிசயம்? சேலை கட்டிவிட்டால் பெரிய மனுஷி. வயதை யார் கேட்டது?”

தம்பி: …

அத்தை: அந்தக் கொல்லைக் கதவு எனக்கும் தெரியும். அந்த அக்கா எனக்குப் பூ கட்டக் கற்றுக்கொடுத்தார்.

அம்மா: இன்னும் முடியவில்லை. “இந்தப் படத்துப் பெண்ணுக்கு 24-ஓ 29-ஓ, எனக்கு ஒன்றுதான். ஒன்று மட்டும் நம்ப முடியவில்லை. இரண்டரை மணி நேரத்தில் அவளைப் பெற்றவள் ஒரு போன் போடவில்லை. ஆபரேஷன் முடித்து வந்த பிள்ளையை, சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு நாதி இல்லை.”

மாமா: அப்பத்தாவுக்கு ஒரு சபாஷ் 👏

அத்தை: ஐயோ, அம்மா கடைசி வரைக்கும் வரவே மாட்டாளா? நான் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லையே!

தம்பி: அப்பத்தாதான் சொன்னார், நான் இல்லை 🏃

அக்கா (டூட்டி) (11.52): கேஸ் வந்துவிட்டது, இப்போதுதான் போனை எடுத்தேன். அம்மா, நாலு மிஸ்டு கால். என்ன விஷயம்?

அம்மா: சாப்பிட்டாயா?

அக்கா (டூட்டி): சாப்பிட்டேன்.

அம்மா: என்ன சாப்பிட்டாய்?

அக்கா (டூட்டி): பிஸ்கட். மூன்று.