சிந்தெட்டிக் லெத்தாலிட்டி: இதில் ‘செயற்கை’ எங்கே இருக்கிறது?

நண்பர்களுக்கு,

புற்றுநோய் ஆய்வாளர் ஆலன் ஆஷ்வொர்த்தின் ஆய்வு வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்து, ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு இரண்டு வாரமாகிறது. சிந்தெட்டிக் லெத்தாலிட்டி (synthetic lethality). அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பதே கேள்வி. அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதுவதில் பொருளில்லை.

அதற்கு ‘செயற்கைக் கொல்திறன்’ என்று இந்தக் குழுவில் முன்மொழிந்த ஐயா மன்னிக்க வேண்டும். இதில் செயற்கையாக எதுவும் நடக்கவில்லை. 1946ல் மரபியலாளர் தியோடோசியஸ் டாப்ஜான்ஸ்கி பழ ஈக்களை ஆராய்ந்தபோது வைத்த பெயர் இது. தனித்தனியே தீங்கில்லாத மரபணு மாற்றங்கள் ஒன்றுசேரும்போது கொல்கின்றன என்பதுதான் விஷயம். கிரேக்க மூலத்துக்கும் ‘ஒன்றுசேர்த்தல்’ என்றே பொருள். அதே மூலத்தை ஒளிச்சேர்க்கையில் நம்மவர்கள் சரியாகப் பிடித்துவிட்டார்கள். துணியிலும் ரப்பரிலும் மட்டும் எப்படியோ அது ‘செயற்கை’ ஆகிவிட்டது.

அப்படியானால் ‘சேர்க்கைச் சாவு’ என்று வைத்துவிடலாமா? எனக்கு ஒப்பவில்லை. இங்கே சேர்வன எல்லாம் மரபணு வேலையின் இழப்புகள். அப்புறம், இதைப் படிக்கப்போகிறவர்களில் நோயாளிகளும் உண்டு. சாவு என்று முகத்தில் அடித்தாற்போல் எழுதுவானேன்? செல்லுக்கு ‘மடிவு’ போதும்.

சொல்லுக்கு முன் செய்தியைப் பார்ப்போம். 1995ல் லண்டனில், கெட்டுப்போனால் மார்பக, சூலகப் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ2 (BRCA2) மரபணுவைக் கண்டறிந்த குழுவில் ஆஷ்வொர்த்தும் இருந்தார். டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் அறுந்தால் பிழையின்றி ஒட்டும் வேலைக்கு அந்த மரபணு தேவை. ஒற்றை இழை அறுந்தால் சரிசெய்வதில் பார்ப் (PARP) என்ற நொதிக்குப் பங்குண்டு. அந்த நொதியை முடக்கும் மருந்துகளை அப்போது கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் துணையாகத்தான் நினைத்திருந்தார்கள். 2005ல், பிஆர்சிஏ1 அல்லது பிஆர்சிஏ2 வேலைசெய்யாத செல்களை அவை தனியாகவே கொன்றுவிடும் என்று ஆஷ்வொர்த் குழு காட்டியது. ஷெஃபீல்டில் தாமஸ் ஹெல்லடே குழுவும் இதையே கண்டிருந்தது. இரண்டு கட்டுரைகளும் நேச்சர் என்ற அறிவியல் ஏட்டின் ஒரே இதழில் வந்தன. அந்த வழியில் வந்த ஒலாபரிப் என்ற பார்ப் முடக்கும் மருந்து, 2014 டிசம்பரில் சூலகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. மரபணுவிலிருந்து மாத்திரை வரை 19 ஆண்டுகள்.

வீட்டில் இதை விளக்கும்போது எனக்கு வந்த உவமை ஊன்றுகோல். இரண்டு காலும் நன்றாக இருப்பவரின் கையிலிருந்து கோலைப் பிடுங்கினால் அவர் பாட்டுக்கு நடந்துபோவார். கால் ஊனமானவரிடம் பிடுங்கினால் விழுந்துவிடுவார். புற்றுசெல்லில் பிஆர்சிஏவின் இரண்டு நகல்களும் போய்விட்டன, அது பார்ப்பை ஊன்றித்தான் நிற்கிறது. அதே நோயாளியின் மற்ற செல்களில் நல்ல நகல் ஒன்று மிச்சமிருப்பதால் அவை தாங்கிக்கொள்கின்றன.

இனி சொல். முதலில் ‘ஈரிழப்பு மடிவு’ என்று எழுதினேன். உயிரெழுத்துக்கு முன் இரண்டு ‘ஈர்’ ஆவது இலக்கணப்படி சரிதான், சொல்லும் சிக்கனம். ஆனால் மெய்ப்புப் பார்த்த நண்பர் அதை ‘நீரிழப்பு’ என்று திருத்தி அனுப்பிவிட்டார்! வாந்திபேதிக்கு எழுதுகிற சொல். சரி என்று ‘இரட்டையிழப்பு மடிவு’ என்று மாற்றினேன். அதில் வேறு வம்பு. புற்று எப்படிப் பிறக்கிறது என்பதற்கு 1971ல் ஆல்ஃபிரட் நட்சன் சொன்ன ‘இரட்டை அடி’ (two-hit) விளக்கம் ஒரே மரபணுவின் இரு நகல்களும் கெடுவதைப் பற்றியது, அங்கே பிறப்பது புற்று. இங்கே போவது இரண்டு வெவ்வேறு மரபணுக்களின் வேலை, மடிவது புற்று. ஒரே கட்டுரையில் இரண்டும் வரும்போது வாசகர் குழம்பாமல் என்ன செய்வார்? இன்னொருவர் சொன்ன ‘உடன்மடிவு’ எனக்கு உடன்கட்டையை நினைவூட்டுகிறது, வேண்டாம்.

ஆகவே ‘ஊன்றிழப்பு மடிவு’. துணைநிற்கும் மரபணுவுக்கு ‘ஊன்றுமரபணு’. ஊன்றுகோலைப் போலவே வினைத்தொகை, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு குறைகளை நானே சொல்லிவிடுகிறேன். ஈக்களின் மரபியலில் இரண்டு மரபணுக்களும் சமம், எது கால், எது கோல் என்று பிரிக்க முடியாது. அந்தப் பொதுப் பொருளுக்கு இச்சொல் ஒரு பக்கம் சாய்கிறது. இரண்டாவது, மருந்து கோலைப் பறிப்பதோடு நிற்பதில்லை. பார்ப்பை டி.என்.ஏ.வின் மேலேயே சிக்கவைத்துவிடுகிறது, நடுவழியில் கோலை ஊன்றிவைத்து இடறச் செய்வதுபோல. ‘ஊன்று’ இதற்கும் பொருந்துகிறதே என்று கொஞ்சம் மகிழ்ந்துகொண்டேன், அது தற்செயல்தான்.

முதல் குறைக்கு வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள். மரபியலுக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று என்று இரண்டு சொல் வைத்தாலும் எனக்குச் சம்மதமே. இன்ஹிபிட்டருக்கு ‘தடுப்பான்’ சரியா, ‘ஒடுக்கி’ சரியா என்ற பழைய சண்டையை மட்டும் இந்த இழையில் இழுக்காதீர்கள்.