சாக்ஸை முதலில் வையுங்கள்: படைவீரர்களுக்குப் பெட்டி கட்டிய அனுபவங்கள்

கெடிலக்கரை (பென்சில்வேனியா) எழுதியது:

2016 இல் பிலடெல்பியாவில் குடியுரிமை உறுதிமொழி எடுத்து முடித்து வெளியே வந்தபோது, வாசலருகே மேசை போட்டு நான்கைந்து வயதான பெண்கள் நின்றிருந்தார்கள். புதிதாகக் குடியுரிமை வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னக் கொடி, அரசியலமைப்புச் சட்டத்தின் கையடக்கப் பிரதி, இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாழ்த்து. எல்லார் மார்பிலும் நீலமும் வெள்ளையுமான ரிப்பன், அதில் ஒரு பதக்கம். கிட்டப் போய்ப் பார்த்தால் ராட்டை! சக்கரத்தைச் சுற்றி 13 நட்சத்திரங்கள். நமக்கு ராட்டை என்றால் காந்தியும் கதரும்தானே நினைவுக்கு வரும், அதனால் கேட்டேன். அவர்களில் எழுபதைத் தாண்டிய ஒருவர் நிதானமாகச் சொன்னார்: அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு முன்னாலேயே இங்கிலாந்துத் துணியை வாங்க மாட்டோம் என்று இங்குள்ள பெண்கள் கூடி உட்கார்ந்து வீட்டிலேயே நூல் நூற்றார்கள், அந்த ராட்டைதான் இது என்று. நம் ஊர்ச் சுதேசிக் கதையை வேறு யாரோ சொல்லிக் கேட்பது மாதிரி இருந்தது. அங்கேயே நின்று அரைமணி நேரம் பேசிவிட்டேன், என் கணவர் பார்க்கிங்கில் காத்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன், அதாவது அமெரிக்கப் புரட்சியின் மகள்கள் என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள். சுருக்கமாக டி.ஏ.ஆர். 1890 இல் வாஷிங்டனில் ஆரம்பித்தது. சுதந்திரப் போரில் பங்கெடுத்த ஒருவரின் நேர் வாரிசு என்று நிரூபிக்கிற, 18 வயது நிறைந்த பெண்கள் மட்டும்தான் சேர முடியும். நிரூபிப்பது என்றால் வாய்ப்பேச்சு இல்லை, தலைமுறை தலைமுறையாகப் பிறப்பு, திருமணம், இறப்பு என்று காகிதம் காட்ட வேண்டும். நான் உறுப்பினராக முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தம்மா விடைபெறும்போது, "அடுத்த மாதம் பெட்டி கட்டுகிறோம், கை போதவில்லை, வருகிறாயா?" என்றார். போனேன். இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன்.

பெட்டி என்றால் வெளிநாட்டில் பணியில் இருக்கும் படைவீரர்களுக்கு அனுப்பும் பெட்டி. தபால் அலுவலகத்தில் அதற்கென்றே ஒரே கட்டணப் பெட்டி கிடைக்கும், காலிப் பெட்டிக்குக் காசு இல்லை, உள்ளே எவ்வளவு கனம் வைத்தாலும் 70 பவுண்டு வரை அதே கட்டணம், ராணுவ முகவரிக்கு என்றால் கொஞ்சம் தள்ளுபடியும் உண்டு. அதனால் மூலை முடுக்கு விடாமல் அடைப்பார்கள். சர்ச் ஹாலில் நீள மேசைகள், அதன்மேல் குவியல் குவியலாக ஈரத் துடைப்பான், லிப் பாம், காபித் தூள் பாக்கெட், தண்ணீரில் கலக்கும் எலுமிச்சைப் பொடி, சீட்டுக்கட்டு, குறுக்கெழுத்துப் புத்தகம். வரிசையாக நடந்துகொண்டே நிரப்ப வேண்டும். முதல் நாள் நான் குளியல் சோப்பை பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அந்தம்மா எடுத்து, ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இன்னொரு பையிலும் போட்டார். "மூன்று வாரம் வெயிலில் போகும், பிஸ்கட் முழுக்க சோப்பு வாசனை ஏறிவிடும், பையன் ஒரு வாய் கடித்துத் துப்பிவிடுவான்." வெயில் காலத்தில் சாக்லேட்டுக்குத் தடா. சில நாடுகளுக்குப் பன்றி இறைச்சி போகக்கூடாது, அதையும் லேபிள் பார்த்துப் பிரித்து வைப்பார்.

ஆனால் எதை வைக்கும் முன்னும் சாக்ஸ்தான். கனமான, கறுப்பு அல்லது பச்சை சாக்ஸ், ஆளுக்கு ஆறு ஜோடி, பெட்டியின் அடியில் பாய் விரிப்பது மாதிரி பரப்பிவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன். அவருடைய முப்பாட்டனுக்கும் முப்பாட்டன் வேலி ஃபோர்ஜில் இருந்தவர். எங்கள் வீட்டிலிருந்து காரில் 25 நிமிடம். 1777 டிசம்பரில், சுதந்திரப் போர் நடந்தபோது, தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் கிட்டத்தட்ட 12,000 பேரோடு அங்கே குளிர்காலத்தைக் கழித்தார், செருப்புக்கும் துணிக்கும் வழியில்லாமல் இருந்த படை அது, அந்தக் குளிர்காலத்திலும் அடுத்த வசந்தத்திலும் போரே நடக்காமல் நோயிலேயே ஏறக்குறைய 2,000 பேர் போய்விட்டார்கள். "அவர் கால் பிழைத்து வந்ததால்தான் நான் இருக்கிறேன்" என்றார் அந்தம்மா. அப்புறம் நான் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை, சாக்ஸ் குவியலை எண்ணி வைப்பது என் வேலையாகிவிட்டது.

இன்னொன்று சொல்ல வேண்டும். என் சொந்த ஊர் எது என்று கேட்டார், கடலூர் என்றேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பிரெஞ்சுக்காரர்கள் அமெரிக்கர்களோடு சேர்ந்து பிரிட்டனை எதிர்த்த அதே போர், இந்தியாவிலும் நடந்திருக்கிறது. அந்தப் போரின் கடைசிச் சண்டைகள் 1783 ஜூனில் கடலூரில்தான்! ஒரு பக்கம் பிரிட்டிஷ் படையும் அவர்களுடைய சிப்பாய்களும், மறுபக்கம் பிரெஞ்சுக்காரர்களும் மைசூர் படையும். ஜூன் 13 அன்று தரையில் பெரிய சண்டை, 20 ஆம் தேதி கடலில் கப்பல்கள் மோதிக்கொண்டன. ஐரோப்பாவில் பிரிட்டனும் பிரான்சும் ஜனவரியிலேயே சமாதானத்துக்கு ஒப்புக்கொண்டாகிவிட்டது, ஆனால் செய்தி கப்பலில் வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது. முடிந்துபோன போருக்காக நம் ஊர் மண்ணில் அத்தனை பேர் செத்திருக்கிறார்கள். பத்து வருடம் கடலூரில் பள்ளிக்கூடம் போனேன், ஒருவரும் இதைச் சொல்லித் தரவில்லை. அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னதும் அந்தம்மா கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, ஊர்ப் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் அதைப் பற்றிப் பேசவும் வைத்துவிட்டார்கள். தேவனாம்பட்டினம் கடற்கரைப் படத்தைத் திரையில் போட்டு நான் பேசியபோது கைதட்டலுக்கு முன்னால் ஒரு சின்ன அமைதி இருந்தது, அதை என்னால் மறக்க முடியாது.

இங்கே இப்படி ஏதாவது வேலையில் சேர்ந்து பழகியவர்கள் எழுதுங்கள். பெட்டி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் இன்னும் நல்லது.

பாலாற்றுக்காரன் (டெக்சஸ்) எழுதியது:

அக்கா, நான் வாங்கிய பக்கம். என் மகன் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறான், குவைத்தில் ஒன்பது மாதம் இருந்தான். எங்கள் வேலூர்ப் பக்கம் ராணுவத்துக்கு ஆள் அனுப்பாத கிராமம் குறைவு, என் தாத்தாவும் பெரியப்பாவும் போனவர்கள்தான், அதனால் அவன் சேருகிறேன் என்றபோது நான் தடுக்கவில்லை, அவன் அம்மாதான் ஒரு வாரம் சாப்பிடவில்லை. அவன் கிளம்பிய மறுநாள் பக்கத்து வீட்டம்மா வந்து நீல நட்சத்திரம் போட்ட சின்னக் கொடியைக் கொடுத்து ஜன்னலில் மாட்டச் சொன்னார். பிள்ளை பணியில் இருக்கிற வீடு என்பதற்கு அடையாளம் அது, முதல் உலகப் போர்க் காலத்துப் பழக்கம். நட்சத்திரம் தங்க நிறமாக மாறினால் என்ன அர்த்தம் என்று தெரிந்த அன்று என் மனைவி அந்தக் கொடியைப் பார்க்காமல் சமையலறைக்குப் போக முடியாமல் தவித்தாள்.

அந்தப் பக்கத்து வீட்டம்மாவும் டி.ஏ.ஆர். தான். மகனுடைய பெயரும் முகவரியும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பெயர் எதற்கு என்று நினைத்தேன். முன்பெல்லாம் 'யாரேனும் ஒரு வீரருக்கு' என்று எழுதிப் போட்டாலே போய்ச் சேருமாம், 2001 இல் ஆந்த்ராக்ஸ் என்ற நோய்க்கிருமி வைத்த கடிதங்கள் வந்த பிறகு அதை நிறுத்திவிட்டார்கள், இப்போது பெயர் இல்லாமல் ஒரு துண்டுக் காகிதம்கூடப் போகாது. அதனால் இவர்கள் குடும்பம் குடும்பமாகக் கேட்டு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

பெட்டி போனது. பையன் போனில் பேசியபோது எனக்குப் பெரிய ஆச்சரியம், காபியைப் பற்றியோ சாக்ஸைப் பற்றியோ அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கிரேயானில் எழுதிய கடிதங்கள் இருந்திருக்கின்றன. ஒரு பிள்ளை, "எங்கள் பூனை காணாமல் போய்விட்டது, நீங்கள் பத்திரமாக இருங்கள்" என்று எழுதியிருக்கிறது. அதைக் கட்டிலுக்கு மேலே பலகையில் ஒட்டி வைத்தானாம். திரும்பி வரும்போது அதை மட்டும் கழற்றி எடுத்து வந்தான், பர்ஸில் மடித்து வைத்திருக்கிறான், மடிப்பு கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறது. நான் அந்த வகுப்பு டீச்சருக்கு நன்றி சொல்லி எழுதினேன். பூனை கிடைத்துவிட்டது என்று பதில் வந்தது.

பொட்டோமாக் (மேரிலாந்து) எழுதியது:

நான் கொஞ்சம் நேராகவே கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1939 இல் மேரியன் ஆண்டர்சன் என்ற பெரிய பாடகியை, கறுப்பினப் பெண் என்பதற்காகவே, தங்கள் கான்ஸ்டிட்யூஷன் ஹாலில் பாட விடாத அமைப்பு இதுதானே? அப்போதைய அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் அதைக் கண்டித்து உறுப்பினர் பதவியை விட்டார். அந்த ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறன்று, லிங்கன் நினைவகத்தின் படிக்கட்டில் நின்று ஆண்டர்சன் பாட, 75,000 பேர் திரண்டு கேட்டார்கள். இதெல்லாம் தெரிந்ததால்தான் என்னைக் கூப்பிட்டபோது இரண்டு தடவை மறுத்தேன். வம்சம் பார்த்துச் சேர்க்கிற எதைக் கண்டாலும் எனக்கு ஊரில் பட்ட சாதி அனுபவம் நினைவுக்கு வந்துவிடும்.

மூன்றாவது தடவை, கூப்பிட்டவரிடமே இதைக் கேட்டுவிட்டேன். அவர் மழுப்பவில்லை. "அது நாங்கள் செய்த தப்பு, இத்தனை வருடம் ஆகியும் அந்தப் பெயர் வந்தால் தலை குனிகிறோம்" என்றார். அப்புறம் என்னைத் தலைமையகத்தில் உள்ள அவர்களுடைய நூலகத்துக்குக் கூட்டிப் போனார். சுதந்திரப் போரில் பங்கெடுத்த ஆப்பிரிக்க அமெரிக்கர்கள், பூர்வகுடிகள் பெயர்களைத் தேடித் தொகுத்து 2008 இல் ஒரு பெரிய தொகுதி போட்டிருக்கிறார்கள், 6,600 க்கும் மேற்பட்ட பெயர்கள். அதில் பல இடங்களில் ஒற்றைப் பெயர்தான், குடும்பப் பெயர் கிடையாது. விரலை வைத்து ஒரு பக்கம் முழுக்க வாசித்தேன். என் மனம் முழுசாக மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் டிசம்பரில் கல்லறைத் தோட்டத்தில் மலர்வளையம் வைக்கும் வேலைக்குப் போனேன். ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் நின்று, வளையத்தைச் சாய்த்து வைத்து, கல்லில் இருக்கும் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் 14 பெயர் சொன்னேன். குளிரில் உதடு விறைத்து, ஒரு பெயரைச் சரியாக உச்சரிக்கவில்லையோ என்று தோன்றி, திரும்ப நடந்து போய் மறுபடி சொல்லிவிட்டு வந்தேன்.

தாமிரபரணிப் பாட்டி (ஒஹையோ) எழுதியது:

பொட்டோமாக் தங்கச்சி, நீ கேட்டது நியாயம்தான். எங்கள் வீட்டில் வேறு மாதிரி. என் மருமகள் இந்த ஊர்ப் பெண், அவள் அம்மா டி.ஏ.ஆர். உறுப்பினர். அப்படியானால் என் பேத்தியும் வாரிசுதானே! பிள்ளைகளுக்கு 1895 இலேயே தனியாக ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள், 22 வயது வரை அதில் இருக்கலாம். அங்கே சேர்க்கக் காகிதம் நிரப்பும்போது, அப்பா வழிக் கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்று பேத்தி என்னிடம் வந்து உட்கார்ந்துவிட்டாள், அதற்கு அவசியமே இல்லை என்று சம்பந்தியம்மா சொல்லியும் கேட்கவில்லை. என் மாமனார் பெயர், அவர் அப்பா பெயர், சுடலைமுத்து என்று ஆரம்பித்து எனக்குத் தெரிந்தவரை சொன்னேன், அவள் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டாள். பெண்கள் பெயர் கேட்டபோதுதான் எனக்கு வாயடைத்துப் போனது. என் பாட்டியின் அம்மா பெயர் எனக்கே தெரியவில்லை. ஊருக்குப் போன் போட்டு, தொண்ணூறு வயது சித்தியிடம் கேட்டு, இரண்டு நாள் கழித்து வாங்கினேன். பேத்தி அதையும் எழுதினாள்.

பெட்டிக்கு நான் முறுக்கு சுட்டுத் தருகிறேன் என்றேன், வீட்டில் செய்ததை வேண்டாம், கடையில் சீல் செய்ததுதான் வைப்போம் என்றுவிட்டார்கள். சரி என்று இந்தியக் கடையில் கடலைமிட்டாய் பாக்கெட் வாங்கி வைத்தேன். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள் என்று மேலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள் பேத்தி.

கெடிலக்கரை எழுதியது:

எல்லாவற்றையும் வாசித்தேன். பாலாற்றுத் தம்பி, அந்தக் கொடியைப் பற்றி எழுதியதைப் படித்ததும் ஒன்றைச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

போன வருடம் ஒரு பெட்டி திரும்பி வந்தது. அனுப்பியவருக்கே திருப்புக என்ற முத்திரையோடு, ஒரு மூலை நசுங்கி, எங்கள் டேப் அப்படியே பிரிக்காமல். அந்தம்மா அதைத் தூக்கி வந்து மேசை நடுவில் வைத்தார். ஹாலில் பேச்சு நின்றுவிட்டது. பெட்டி திரும்பி வர ஆயிரம் காரணம் இருக்கும், ஆனால் எல்லார் மனதிலும் ஒன்றுதான் ஓடியது. பட்டியலில் அந்தப் பையனுடைய அம்மாவின் எண் இருந்தது. யார் பேசுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் அவர்தான் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழியாக முதுகு மட்டும் தெரிந்தது, அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிடம் இருக்கும். உள்ளே வந்து நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து, "படைப்பிரிவை முன்கூட்டியே திருப்பி அனுப்பிவிட்டார்களாம், வீட்டில் தூங்குகிறானாம்" என்றார். இரண்டு பேர் அழுதுவிட்டார்கள், நானும்தான்.

அவர் கத்தரிக்கோலை எடுத்து டேப்பை அறுத்தார். பழைய வாழ்த்து அட்டையை எடுத்து, அந்தப் பையன் வீட்டுக்கே அனுப்பத் தனியாக வைத்தார். பிஸ்கட் பாக்கெட்டின் தேதியைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, தாண்டிப் போனதை மாற்றினார். பட்டியலில் அடுத்த பெயர் என்ன என்று என்னைக் கேட்டார். நான் வாசித்தேன். எழுதினார். அப்புறம் கையை உள்ளே விட்டு, அடிவரைக்கும் துழாவி, ஆறு ஜோடியும் இருக்கிறதா என்று ஒருமுறை எண்ணிவிட்டுத்தான் மூடி ஒட்டினார்.