பல பக்க விண்ணப்பப் படிவத்தில் தரவை ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததற்குக் கொண்டுசெல்வது எப்படி?

கேள்வி

வணக்கம். ஒரு கல்லூரிக்கான சேர்க்கை விண்ணப்பத்தை பிஎச்பியில் எழுதிவருகிறேன். ஃபிரேம்வொர்க் எதுவும் பயன்படுத்தவில்லை. படிவம் நான்கு பக்கங்களைக் கொண்டது. முதல் பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, கைபேசி எண். இரண்டாவதில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்கள். மூன்றாவதில் பாடப்பிரிவும் கட்டணமும். பணம் செலுத்திய பிறகு நான்காவதாக ஒப்புகைச் சீட்டு. விண்ணப்பம் முழுமையடையும் வரை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் எதையும் எழுத வேண்டாம் என்று கல்லூரித் தரப்பில் சொல்லிவிட்டதால், முதல் இரண்டு பக்கங்களின் விவரங்களை செஷனில் (சர்வரில் ஒவ்வொரு பயனருக்குமான தற்காலிகச் சேமிப்பில்) வைத்திருக்கிறேன். கட்டணத் தொகை மட்டும் மூன்றாம் பக்கத்தில் ஹிடன் ஃபீல்டாக (திரையில் தெரியாத படிவக் கட்டமாக) செல்கிறது.

மூன்று சிக்கல்கள் உள்ளன. பிரவுசிங் சென்டரில் ஒரே கணினியில் இரண்டு மாணவர்களின் விண்ணப்பங்களை இரண்டு டேப்களில் திறந்து நிரப்பும்போது, ஒருவருடைய மதிப்பெண்கள் மற்றவருடைய பெயரில் பதிவாகின்றன. அடுத்தது, மாணவர் பேக் பொத்தானை அழுத்தினால், படிவத்தை மீண்டும் சமர்ப்பிக்கவா என்று பிரவுசர் கேட்கிறது. சிலர் ஆம் என்று அழுத்திவிடுகிறார்கள். மூன்றாவதுதான் புரியாத புதிராக இருக்கிறது: பணம் செலுத்தித் திரும்பும் மாணவர்களில் சிலருக்கு மட்டும் ஒப்புகைச் சீட்டுக்குப் பதிலாக லாகின் பக்கம் வருகிறது. நான் சோதித்துப் பார்க்கும்போது ஒருமுறைகூட அப்படி வரவில்லை.

செஷன், குக்கீ (பிரவுசர் சேமித்துவைத்துச் சர்வருக்கு அனுப்பும் சிறு குறிப்பு), ஹிடன் ஃபீல்டு, யூஆர்எல், பிரவுசரின் ஸ்டோரேஜ் ஆகியவற்றுள் எது இதற்குச் சரியான வழி?

மறுமொழி 1

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறைக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் சர்வருக்குப் புதிய ஆள்தான். ஆகவே நீங்கள் பட்டியலிட்ட ஐந்தும், யார் வந்திருக்கிறார் என்பதைச் சர்வருக்கு நினைவூட்டும் வெவ்வேறு வழிகளே. எந்த வழியில் கொண்டுசெல்வது என்பதைவிட, அந்தத் தரவு வழியில் யாருடைய கையில் இருக்கப்போகிறது என்று முதலில் பாருங்கள். யூஆர்எல், ஹிடன் ஃபீல்டு, குக்கீ, ஸ்டோரேஜ் ஆகிய நான்கும் பயனரின் கையில் இருப்பவை. செஷனின் உள்ளடக்கம் மட்டுமே உங்கள் சர்வரில் இருக்கிறது. அதன் அடையாள எண் குக்கீயாகப் பயனரிடம் இருக்கிறது.

அந்தக் கட்டணத் தொகையை இன்றே எடுத்துவிடுங்கள். எஃப்12 விசையை அழுத்தி, ஹிடன் ஃபீல்டில் உள்ள 1500 என்பதை 1 என்று மாற்றிச் சமர்ப்பிக்க ஒரு நிமிடம் கூடத் தேவையில்லை. ஹெச்மேக் கையொப்பம் (தரவு மாற்றப்பட்டால் காட்டிக்கொடுக்கும், ரகசியச் சாவியால் உருவாக்கும் முத்திரை) சேர்த்துத் தொகையைப் பாதுகாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள்; அது தவறன்று என்றாலும் இங்கே தேவையற்ற வேலை. பாடப்பிரிவின் குறியீடு மட்டும் வந்தால் போதும், அதற்குரிய கட்டணத்தைச் சர்வர் தன் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

கைபேசி எண், பிறந்த தேதி போன்றவற்றை யூஆர்எல்லில் வைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதெல்லாம் சர்வரின் அக்சஸ் லாக்கிலும் பிரவுசரின் ஹிஸ்டரியிலும் அப்படியே பதிவாகும். பிரவுசிங் சென்டர் கணினியில் ஹிஸ்டரியை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

பேக் பொத்தான் சிக்கலுக்குத் தீர்வு எளிது. போஸ்ட் கோரிக்கையை (படிவத் தரவை அனுப்பும் கோரிக்கையை) பெறும் கோப்பு எந்த எச்டிஎம்எல்லையும் காட்டக் கூடாது. தரவைச் சரிபார்த்துச் சேமித்துவிட்டு, 303 என்ற நிலைக்குறியீட்டுடன் அடுத்த பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். அடுத்த பக்கம் கெட் கோரிக்கையாக (பக்கத்தைக் கேட்டு வாங்கும் கோரிக்கையாக) திறப்பதால் அந்தக் கேள்வியே எழாது. திருப்பிவிடும் முகவரியைத் தாங்கிய லொகேஷன் ஹெட்டரை அனுப்பிய அடுத்த வரியிலேயே எக்ஸிட் எழுத வேண்டும். இல்லையென்றால் அதற்குக் கீழே உள்ள நிரல் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும்.

மறுமொழி 2

டேப் சிக்கலுக்கு செஷன் ஸ்டோரேஜைப் பரிசீலிக்கலாம் என்பது என் கருத்து. பெயரில் செஷன் என்று இருந்தாலும் பிஎச்பியின் செஷனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. லோக்கல் ஸ்டோரேஜ் ஒரே தளத்தின் எல்லா டேப்களுக்கும் பொதுவானது. செஷன் ஸ்டோரேஜ் ஒவ்வொரு டேப்புக்கும் தனியானது, டேப்பை மூடினால் அழிந்துவிடும். மூன்று பக்கங்களின் விவரங்களையும் அதிலேயே சேர்த்துவைத்து, கடைசியில் ஒரே போஸ்ட் கோரிக்கையாக அனுப்பிவிட்டால், இரண்டு மாணவர்களின் தரவு கலப்பதற்கு வாய்ப்பே இராது. விண்ணப்பம் முழுமையடையும் வரை தரவுத்தளத்தைத் தொடக் கூடாது என்ற நிபந்தனைக்கும் இது பொருந்துகிறது.

மறுமொழி 3

மேலே உள்ள யோசனை பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் டேப்பை டூப்ளிகேட் செய்தால் செஷன் ஸ்டோரேஜின் உள்ளடக்கமும் நகலாகும் என்பதையும், பிரவுசிங் சென்டர்காரர்கள் அடுத்த மாணவருக்குப் புது டேப் திறப்பதற்குப் பதிலாக டூப்ளிகேட் செய்யும் பழக்கம் உள்ளவர்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தவிர, டேப்பை மூடிவிட்டால் நிரப்பிய அத்தனையும் போய்விடும். மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுத்துவர வீட்டுக்குச் செல்லும் மாணவரை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கச் சொல்வது சரியன்று.

நிபந்தனையைத்தான் மாற்ற வேண்டும். முழுமையடையாத விண்ணப்பங்கள் முதன்மை அட்டவணையில் சேரக் கூடாது என்பதே கல்லூரியின் கவலையாக இருக்கும். அப்படியானால் வரைவு விண்ணப்பங்களுக்குத் தனி அட்டவணை ஒன்று போதும். முதல் பக்கத்தைச் சமர்ப்பித்ததும் அதில் ஒரு வரிசை உருவாகட்டும்; அதற்கு பிஎச்பியின் ரேண்டம்_பைட்ஸ் செயற்கூறு மூலம் 16 பைட் நீளமுள்ள சாவியை உருவாக்கிக்கொள்ளுங்கள். அதை ஹெக்ஸ் வடிவில் எழுதினால் 32 எழுத்துகள் வரும். அடுத்தடுத்த பக்கங்களின் யூஆர்எல்லில் இந்தச் சாவி மட்டுமே செல்ல வேண்டும். இரண்டு டேப்களில் இரண்டு வெவ்வேறு சாவிகள் இருப்பதால் தரவு கலக்காது. சாவிக்குப் பதிலாக 1042 போன்ற வரிசை எண்ணை வைத்தால் 1043 என்று மாற்றி அடுத்த மாணவரின் விண்ணப்பத்தைப் பார்க்க முயல்வார்கள். சாவி ஊகிக்க முடியாததாக இருந்தாலும், அந்த வரைவு லாகின் செய்திருப்பவருடையதுதானா என்று ஒவ்வொரு பக்கத்திலும் சரிபார்க்கத்தான் வேண்டும். செஷனில் யார் லாகின் செய்திருக்கிறார் என்பது மட்டும் இருந்தால் போதும்.

இனி அந்த லாகின் பக்கப் புதிர். உங்கள் பேமென்ட் கேட்வே (பணம் பெற்றுத்தரும் இணையச் சேவை), பணம் செலுத்திய பின் மாணவரைப் போஸ்ட் கோரிக்கையாக உங்கள் தளத்துக்குத் திருப்பி அனுப்புகிறதா என்று பாருங்கள். 2020 பிப்ரவரியில் வெளிவந்த குரோம் 80 முதல், பிற தளங்களிலிருந்து வரும் கோரிக்கைகளுடன் குக்கீ செல்லலாமா என்பதைத் தீர்மானிக்கும் சேம்சைட் என்ற பண்பு குறிப்பிடப்படாத குக்கீகளை லாக்ஸ் என்றே குரோம் கருதுகிறது. லாக்ஸ் குக்கீ வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட் கோரிக்கையுடன் செல்லாது. குக்கீ வராததால் உங்கள் செஷன்_ஸ்டார்ட் புதிய செஷன் ஒன்றைத் தொடங்குகிறது, பழைய குக்கீயின் மேல் புதிய எண்ணையும் எழுதிவிடுகிறது. மாணவர் எவ்வளவு ரெஃப்ரெஷ் செய்தாலும் பழைய செஷன் திரும்பாது.

உங்கள் சோதனையில் இது ஏன் வரவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. பழைய தளங்கள் உடையாமல் இருப்பதற்காக, பண்பு குறிப்பிடப்படாத குக்கீ உருவாகி 2 நிமிடங்களுக்குள் இருந்தால் அத்தகைய போஸ்ட் கோரிக்கையுடனும் அதை அனுப்பும் விதிவிலக்கைக் குரோம் வைத்தது. நீங்கள் எல்லாக் கட்டங்களிலும் ஒப்புக்கு எதையாவது தட்டிவிட்டு, சோதனை அட்டை எண்ணைக் கொடுத்து, ஒன்றரை நிமிடத்தில் திரும்பியிருப்பீர்கள். மதிப்பெண்களைப் பார்த்துப் பார்த்து நிரப்பி, ஓடிபிக்காகக் காத்திருந்து வரும் மாணவருக்கு அந்த அவகாசம் எப்போதோ முடிந்திருக்கும். முதல் பக்கத்தைத் திறந்து ஐந்து நிமிடம் சும்மா விட்டுவிட்டுச் சோதியுங்கள், உங்களுக்கும் லாகின் பக்கம் வரும்.

குக்கீக்குச் சேம்சைட் பண்பை நன் (கட்டுப்பாடு இல்லை) என்று மாற்றி செக்யூர் (எச்டிடிபிஎஸ் வழியே மட்டும்) என்ற பண்பைச் சேர்த்தால் தீர்ந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். திரும்பிவரும் ஒரே ஒரு பக்கத்துக்காக முழுத் தளத்தின் குக்கீயையும் பிற தளங்களின் கோரிக்கைகளுக்குத் திறந்துவிடுவதாக அது முடியும். திரும்பிவரும் பக்கத்தில் செஷன்_ஸ்டார்ட் இருக்கவே வேண்டாம். கேட்வே அனுப்பிய கையொப்பத்தைச் சரிபார்த்து, ஆர்டர் எண்ணைக் கொண்டு வரைவைக் கண்டுபிடித்து, பணம் வந்ததைக் குறித்துவிட்டு, ஒப்புகைச் சீட்டின் பக்கத்துக்கு 303 கொடுத்துத் திருப்பிவிடுங்கள். அது கெட் கோரிக்கை என்பதால் லாக்ஸ் குக்கீ அதனுடன் வந்துசேரும், பழைய செஷனும் அப்படியே இருக்கும்.

கேட்டவர்

மிக்க நன்றி. கேட்வே போஸ்ட் கோரிக்கையாகத்தான் அனுப்புகிறது. முதல் பக்கத்தில் சற்று நேரம் காத்திருந்து சோதித்ததும் லாகின் பக்கம் வந்துவிட்டது. வரைவு அட்டவணைக்குக் கல்லூரியும் இசைந்திருக்கிறது. இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. பணம் செலுத்திய உடனேயே மாணவர் பிரவுசரை மூடிவிட்டால் என்ன செய்வது? மதிப்பெண் பக்கத்திலேயே அரை மணி நேரம் இருப்பவர்களுக்குச் செஷன் காலாவதியாகிவிடுமா?

மறுமொழி 3

பிரவுசர் திரும்பி வருவதை நம்பிப் பணத்தைப் பதிவு செய்யக் கூடாது. கேட்வேயின் சர்வர் நேரடியாக உங்கள் சர்வருக்குச் செய்தி அனுப்பும் வெப்ஹுக் வசதியை இயக்கிக்கொள்ளுங்கள். ஒரே செய்தி இரண்டு முறை வரலாம் என்பதால், ஆர்டர் எண் ஏற்கெனவே பணம் பெற்றதாகக் குறிக்கப்பட்டிருந்தால் எதுவும் செய்யாமல் 200 என்று பதிலளிக்கும்படி எழுதுங்கள். திரும்பிவரும் பக்கமும் வெப்ஹுக்கும் ஒரே செயற்கூறை அழைக்கட்டும்; எது முந்தினாலும் விளைவு ஒன்றாக இருக்கும்.

காலாவதியைப் பொறுத்தவரை, செஷனின் ஆயுளைக் குறிக்கும் ஜிசி_மேக்ஸ்லைஃப்டைம் அமைப்புக்கு பிஎச்பியின் இயல்பு மதிப்பு 1440 வினாடிகள், அதாவது 24 நிமிடங்கள். அதைத் தாண்டினால் செஷன் கோப்பு அழிக்கப்படலாம். நீங்கள் ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் ஏற்பாட்டில்) இருந்தால், உங்கள் பக்கம் மதிப்பை உயர்த்தினாலும் பயன் இராது. செஷன் கோப்புகள் பொதுவான கோப்புறையில் கிடந்தால், குறைந்த மதிப்பு வைத்திருக்கும் இன்னொரு தளத்தின் துப்புரவு உங்கள் கோப்புகளையும் அழித்துவிடும். செஷன்.சேவ்_பாத் அமைப்பில் உங்களுக்கென்று தனிக் கோப்புறையைக் கொடுத்துவிட்டு, அதன்பின் ஜிசி_மேக்ஸ்லைஃப்டைமை உயர்த்துங்கள். அப்படியும் செஷன் போய்விட்டால், மாணவர் மீண்டும் லாகின் செய்ததும் அவருடைய வரைவு எந்தப் பக்கத்தில் நின்றதோ அங்கேயே திறந்துவிடலாம்; வரைவு தரவுத்தளத்தில்தானே இருக்கிறது.