டான் சிம்மன்ஸ்: அடுத்து எந்த நாவல்?

கேள்வி

அமெரிக்க எழுத்தாளர் டான் சிம்மன்ஸின் ‘ஹைபீரியன்’ என்னும் அறிவியல் புனைவு நாவலை அண்மையில் படித்து முடித்தேன். அவருடைய மற்ற நூல்களைத் தேடியபோது, ஒன்று கல்கத்தாவில் நடக்கும் திகில் கதையாகவும், இன்னொன்று 19ஆம் நூற்றாண்டின் துருவக் கடற்பயணத்தைச் சொல்லும் வரலாற்று நாவலாகவும் இருந்தன. அறிவியல் புனைவில் பெயர் வாங்கிய பிறகும் ஒருவர் ஏன் இப்படி வகைமை மாறிக்கொண்டே இருக்கவேண்டும்? நான் அடுத்து எதைப் படிக்கலாம்?

பதில் 1

அவர் அறிவியல் புனைவிலிருந்து வேறு பக்கம் போனவர் அல்லர். திகிலிலிருந்துதான் அங்கே வந்தார். நீங்கள் சொன்ன கல்கத்தா கதைதான் 1985இல் வெளியான அவருடைய முதல் நாவலான ‘சாங் ஆஃப் காளி’; அது உலகக் கற்பனைப் புனைவு விருதைப் பெற்றது. 1989 என்ற ஒரே ஆண்டில் ஒரு விண்வெளி வீரரின் நடுவயதைப் பேசும் யதார்த்த நாவல், ‘கேரியன் கம்ஃபர்ட்’ என்னும் பெருந்திகில் நாவல், நீங்கள் படித்த ‘ஹைபீரியன்’ ஆகிய மூன்றும் வெளிவந்தன. கடைசியாகச் சொன்னதற்கு 1990இல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது கிடைத்தது. அதற்குமுன் அவர் பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தார் என்பதையும், வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் அரைமணி நேரம் சொல்லிவந்த தொடர்கதையிலிருந்துதான் ‘ஹைபீரியன்’ முளைத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வகைமை என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது என்று தோன்றுகிறது.

பதில் 2

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வகைமைகள் மாறினாலும் அடியில் ஓடும் அச்சம் மாறவில்லை. ‘ஹைபீரியன்’ நாவலில் தினமும் ஒரு நாள் இளமையாகிக்கொண்டே போகும் மகளை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு காலையும் நேற்றைய நாளை மறந்து எழும் அவளிடம், அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பெற்றோர் முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கிறது. கல்கத்தா நாவலின் மையத்திலும் ஒரு கைக்குழந்தையும் அதன் பெற்றோரும்தான் இருக்கிறார்கள். சிம்மன்ஸின் முதல் சிறுகதை 1982இல் அச்சில் வந்த அதே நாளில்தான் அவருக்கு மகள் பிறந்தாள்.

ஆனாலும் அந்த முதல் நாவலை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒரு பெருநகரத்தையும் அதன் மக்கள் வழிபடும் தெய்வத்தையும் தீமையின் உருவாகவே காட்டியிருப்பது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தந்தது. நடையின் வலிமை அந்தக் குறையை ஈடுசெய்வதில்லை.

பதில் 3

அப்படியானால் 2007இல் வந்த ‘தி டெரர்’ நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். வரலாறும் திகிலும் அதில் பிரிக்கமுடியாமல் கலந்திருக்கின்றன. 1845இல் வடமேற்குக் கடல்வழியை, அதாவது அட்லாண்டிக்கிலிருந்து ஆர்க்டிக் வழியாகப் பசிபிக்குக்குச் செல்லும் வழியைத் தேடிச் சென்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஃபிராங்க்ளினின் பயணக்குழுவில் 129 பேர் இருந்தனர், ஒருவர்கூடத் திரும்பவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற ஒற்றைத் தாளில் இரண்டு குறிப்புகள் உள்ளன. 1847 மே மாதம் எழுதிய முதல் குறிப்பு எல்லாரும் நலம் என்கிறது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே தாளின் ஓரங்களைச் சுற்றி நெருக்கி எழுதிய இரண்டாவது குறிப்போ, ஃபிராங்க்ளின் உட்பட 24 பேர் இறந்ததையும், மிஞ்சிய 105 பேர் பனியில் சிக்கிய கப்பல்களைக் கைவிட்டதையும் சொல்கிறது. இந்த இரண்டு குறிப்புகளுக்கும் நடுவிலுள்ள மாதங்களில் என்ன நடந்தது என்பதற்கு ஆவணம் மிகக் குறைவு. அந்த வெற்றிடத்தில்தான் சிம்மன்ஸ் பனிவெளியில் உலவும் ஓர் உருவத்தைக் கொண்டுவருகிறார். ஆனால் கெட்டுப்போன டின் உணவும் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயும் உறையும் குளிரும் அதைவிட அதிகமாக என்னை அச்சுறுத்தின.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ‘தி டெரர்’ நாவலையே தொடங்குகிறேன். அந்தத் தாளின் படம் கிடைத்தால், நாவலை முடித்த பிறகுதான் பார்ப்பதென்று வைத்திருக்கிறேன்.