பெரிய வீடு: திங்கட்கிழமைக்கு முன் முடிக்க வேண்டியவை

வக்கீல் மாமா: மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டது. காசோலை வழக்கில் மூன்று மாதத் தண்டனை உறுதி. திங்கட்கிழமை மாப்பிள்ளை நீதிமன்றத்தில் சரணடைய வேண்டும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் சீராய்வு மனு போடுகிறேன், தண்டனையை நிறுத்திவைக்கவும் கேட்பேன். கிடைக்காது என்று வைத்துக்கொண்டே வேலைகளைப் பாருங்கள்.

திருச்சி அத்தை: உள்ளே இருந்துவிட்டு வந்தால் வழக்குப் போட்ட அந்த ஆளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்தானே?

வக்கீல் மாமா: அப்படி இல்லை அக்கா. தீர்ப்பில் சொன்ன இழப்பீடு அப்படியே நிற்கும். அவர் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி இப்போதுகூட வழக்கை முடித்துக்கொள்ளலாம்.

சித்தப்பா: நாலு லட்சத்துக்கு எங்கே போவது மச்சான்? கேட்காத இடமில்லை. ஆக வேண்டியதைப் பேசுவோம்.

கார்த்தி: முதலில் உங்கள் போன், சித்தப்பா. வங்கி, ஜிஎஸ்டி, சிலிண்டர் எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. சித்தியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ரீசார்ஜ் என் பொறுப்பு. 20ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கலையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

சித்தி: கடைக் கணக்கு அவர் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால் செல்லாது.

வக்கீல் மாமா: நாளைக்கே இருவரும் வங்கிக்குப் போய், கணக்கை நீ இயக்க அவர் அதிகாரம் எழுதிக் கொடுக்கட்டும். வெற்றுக் காசோலைகளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போகிறேன் என்று மட்டும் மாப்பிள்ளை கிளம்பிவிடக் கூடாது. இந்த வழக்கே அதில் வந்ததுதான்.

சித்தப்பா: புரிகிறது, புரிகிறது.

கவிதா: சர்க்கரை மாத்திரைக்கு என்ன செய்வது மாமா?

வக்கீல் மாமா: உள்ளே போனதும் சிறை மருத்துவர் பரிசோதிப்பார். போன வருடச் சீட்டைக் காட்டிப் பயனில்லை. இன்றே டாக்டரைப் பார்த்துப் புதுச் சீட்டு வாங்குங்கள். மெட்பார்மின் எத்தனை மில்லிகிராம், எந்த வேளை என்று தெளிவாக இருக்கட்டும். ஒரு நகல் என்னிடம் வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

திருச்சி அத்தை: தினமும் இட்லியும் பொடியும் கொடுத்தனுப்பலாமா?

வக்கீல் மாமா: தண்டனைக் கைதிக்கு வீட்டுச் சாப்பாடு கிடையாது அக்கா. கேன்டீனுக்கு அவர் பெயரில் பணம் கட்டலாம். மனு போட்டு அவரைச் சிறையில் பார்க்கப் போகிறவர்கள் அசல் ஆதாரை எடுத்துப் போங்கள். தங்கச்சி போகிற வாரத்தில் நீங்களும் போய் அவள் முறையைக் கெடுத்துவிடாதீர்கள்!

திருச்சி அத்தை: நான் ஏன் கெடுக்கிறேன்? பாப்பாவிடம் மட்டும் அப்பா துபாய்க்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள்.

சித்தி: எட்டாவது படிக்கிறாள் அண்ணி. வீடியோ காலில் வராத துபாயை நம்புவாளா? தெருவில் யாராவது சொல்லிக் கேட்பதற்கு முன் நாங்களே சொல்லிவிட்டோம்.

சித்தப்பா: கார்த்தி, கடை ஷட்டரின் இடது பூட்டுக்குச் சாவியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திருப்ப வேண்டும். இழுத்தால் உடைந்துவிடும். வர வேண்டிய பாக்கியெல்லாம் பச்சை நோட்டில் இருக்கிறது. சிவப்பு மையில் வட்டம் போட்ட பெயர்களுக்கு ஒரு ஆணிகூடக் கடன் கொடுக்காதே.

கார்த்தி: ஞாயிறு மாலை கடைக்கு வருகிறேன். பூட்டை ஒரு முறை நானே திறந்து பார்த்துவிடுகிறேன்.

திருச்சி அத்தை: அந்த வட்டத்தில் என் கொழுந்தனார் பெயர் இருக்கிறதா தம்பி?

சித்தப்பா: முதல் பக்கத்திலேயே இருக்கிறது அக்கா.