சிரட்டையில் லேசர் கிராஃபீன்: மீட்டர் அசையவே மாட்டேங்குதா?

சிரட்டைக்காரன்:
சிரட்டையை லேசரில் கருக்கி, மின்சாரம் கடத்துகிற கிராஃபீன் (கார்பன் அணுக்கள் மெல்லிய தாளாக அடுக்கியது) எடுக்கிற வேலை இது. என்னிடம் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பெயர்ப்பலகை வெட்டுற 40 வாட் சிஓ2 லேசர் மெஷின்தான். சிரட்டையில் கோடு கன்னங்கரேலென்று விழும், மின்தடை பார்க்க மீட்டர் வைத்தால் ஒன்றும் காட்டாது. பவரை ஏற்றாதீர்கள், ஓடு வெந்து குழியாகிவிடும். முதல் ஓட்டத்தில் வருவது வெறும் கரி. அதன்மேல் திரும்ப ஓடும்போதுதான் அணுக்கள் அடுக்காக ஒழுங்காகும். லேசர் குவியத்தைக் கொஞ்சம் விலக்கினால் புள்ளி பெரிதாகி, ஒரே ஓட்டத்தில் பக்கத்துக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், திரும்ப ஓட்டின மாதிரிதான். ஊதுகாற்றை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கரி எரிந்து சாம்பல்தான். அசையாமல் கிடந்த மீட்டர் சட்டென்று ஓம் கணக்குக் காட்டும் பாருங்கள், அந்த ஒரு நொடிதான்!

தோட்டத்துத் தம்பி:
அண்ணே, மில்லில் கொட்டிக் கிடக்கிற செம்பனைக் கொட்டை ஓட்டில் வருமா?

சிரட்டைக்காரன்:
லிக்னின் (மரத்துக்கு உறுதி தருகிற பொருள்) நிறைய இருக்கு, வரும். ஆனால் துண்டு சின்னது, வளைவு அதிகம், குவியம் நிற்காது. சிரட்டையையே உப்புத்தாள் போட்டுத் தட்டையாகத் தேய்த்துத்தான் வைக்கணும்.

மின்சாதனக் கடை:
சிரட்டையைக் கட்டி அழுவானேன்? 2014-ல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழு இந்த லேசர் கிராஃபீனைக் காட்டியதே பாலிஇமைட் (சூடு தாங்குகிற பிளாஸ்டிக்) தாளில்தான். ஒரே ஓட்டம் போதும். பாலிஇமைட்டில் வருகிற பழுப்பு டேப்பை மட்டும் வாங்காதீர்கள். அதில் படலம் 0.025 மி.மீ.தான், ஓட்டையாகும், அடியில் உள்ள பசையும் புகையும். 0.125 மி.மீ. தாள் எடுங்கள். மீட்டர் முனையைக் கரியில் குத்தினால் உதிரும், சில்வர் பெயிண்ட் ஒரு பொட்டு வைத்து அதில் தொடுங்கள்.

நகைப்பட்டறை:
முத்திரை குத்துற ஃபைபர் லேசர் (1064 நானோமீட்டர்) இருந்தால் கிராஃபீனை விடுங்கள், தங்கத்தைத் தண்ணீருக்குள் வைத்துச் சுடுங்கள், நீரில் மிதக்கிற தங்க நானோ துகள் கிடைக்கும். 999 தகடு வேணும். 916-ல் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் வருவது கலப்புத் துகள். தகட்டுக்கு மேல் 4 மி.மீ. காய்ச்சி வடித்த நீர். ஒளி நீரில் விலகுவதால் குவியம் ஏறக்குறைய 1 மி.மீ. கீழே இறங்கும், லேசர் தலையை அவ்வளவு தூக்கணும். நீர் குறைந்தால் லென்ஸில் தெறிக்கும், கூடினால் ஒளியை அதுவே குடித்துவிடும். புள்ளி ஒரே இடத்தில் நின்றால் முதல் அடியில் எழும்பிய குமிழி அடுத்த அடியை மறைக்கும். அதனால் வேகமாக ஓடவிடுங்கள். நீர் ரோஸ் கலந்த சிவப்பாகும், துகள்கள் 520 நானோமீட்டர் பக்கம் ஒளியை உறிஞ்சுவதால் வரும் நிறம் அது. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்பு துகள்களை ஒட்டவைக்கும்: சிவப்பு ஊதாவாகி, பிறகு அடியில் கசடு. இன்னொன்று, சிஓ2-க்குப் போடுகிற பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி இதற்கு ஆகாது. 1064 அதை ஊடுருவி நேரே விழித்திரையில் குவியும், கண்ணுக்கும் தெரியாது. பிவிசி எதையும் எந்த மெஷினிலும் வைக்காதீர்கள், வருவது ஹைட்ரஜன் குளோரைடு, நுரையீரலோடு மெஷினின் தண்டவாளமும் அரித்துப் போகும்.

சிரட்டைக்காரன்:
அண்ணே, இது சிரட்டைக்குப் போட்ட இழை லா. தங்கத்துக்குத் தனியாகத் திறங்க.